டியூப்பா, டிஜிட்டலா? கிட்டார் பழகும் இளையவர்களுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொஞ்ச நாளானதும் இளையவர்கள் வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணா, டியூப் ஆம்ப் வாங்கட்டுமா, டிஜிட்டல் மாடலர் வாங்கட்டுமா?” இரண்டிலும் வருடக்கணக்கில் வாசித்தவன், இரண்டையும் மேடைக்குச் சுமந்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் கடையில் நின்று கேட்டு நீங்கள் மயங்குகிற வித்தியாசத்தில் பெரும்பங்கு சத்தத்தின் அளவிலிருந்தும் ஸ்பீக்கரிலிருந்தும் அறையிலிருந்தும் வருகிறது. இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கக் காது பழகிவிட்டால், எதை வாங்குவது என்பது தானாகத் தெளிந்துவிடும். அதற்கான வழிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஆம்பையும் வாத்தியமாகவே நினையுங்கள்

வீணைக்குக் குடம் எப்படியோ, எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆம்ப் அப்படி. பிக்கப்பிலிருந்து புறப்படுவது மிக மெல்லிய மின் அலை. டியூப் ஆம்பில் அதை 12ஏஎக்ஸ்7 போன்ற சின்ன டியூப்கள் பெரிதாக்குகின்றன. பேஸ், மிடில், ட்ரெபிள் குமிழ்கள் அதற்கு வடிவம் கொடுக்கின்றன. பவர் டியூப்கள் வலுவேற்ற, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அது ஸ்பீக்கருக்குப் போகிறது. பழைய வால்வு ரேடியோவில் செம்மஞ்சளாக ஒளிர்ந்ததே, அதே வகைதான் இந்த டியூப்.

ஒவ்வொரு டியூபுக்கும் ஒரு தாங்கும் எல்லை உண்டு. அதை மீறித் தள்ளினால் அலையின் உச்சி மழுங்கும். மழுங்கும்போது மூல சுரத்தோடு புதிய மேற்சுரங்களும் பிறக்கும். நாம் டிஸ்டார்ஷன் என்பது இதைத்தான். 1950களில் ஆம்ப் செய்தவர்களுக்கு இது குறை. லியோ ஃபெண்டர் தெளிவான ஒலிக்காகவே பாடுபட்டவர். 1964-இல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற பையன், தன் சின்ன எல்பிகோ ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறி, அந்தக் கரகரப்போடு கிங்க்ஸ் குழுவின் ‘யூ ரியலி காட் மீ’ பாட்டுக்கு வாசித்தார். குறை குணமாகிவிட்டது. டியூப் ஆம்பின் ஒலியைக் கணக்கிட்டு நகலெடுக்கும் டிஜிட்டல் மாடலர் திரும்பச் செய்துகாட்ட வேண்டியது இந்தக் குறையை. அந்த வேலை இத்தனை வருடம் பிடித்ததற்குக் காரணமும் அதுதான்.

2. மூன்று குடும்பங்களின் ஒலியைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

கலிஃபோர்னியாவின் ஃபெண்டர், லண்டனின் மார்ஷல், கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபோர்டில் பிறந்த வாக்ஸ். இந்த மூன்றையும் அடையாளம் காணத் தெரிந்தால் போதும், மற்றவை பெரும்பாலும் இவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்பில் 6வி6 டியூப்கள் இரண்டு, 22 வாட். ட்வின் ரிவர்பில் 6எல்6 நான்கு, 85 வாட். மணி அடித்தாற்போலத் தெளிவு. நடுச்சுரம் சற்றுக் குழிந்திருக்கும். வாக்ஸ் ஏசி30-இல் ஈஎல்84 நான்கு; கார்டு வாசித்தால் மேலே ஒரு மினுமினுப்பு நிற்கும். மார்ஷலின் அடையாளமாகிவிட்ட டியூப் ஈஎல்34. நடுச்சுரம் முன்னால் வந்து பேசும்.

இவை தனித்தனியாக வானத்திலிருந்து விழுந்தவை இல்லை. 1962-இல் ஜிம் மார்ஷலின் ஹான்வெல் கடையில் செய்த ஜேடிஎம்45, ஃபெண்டர் பேஸ்மேன் என்ற பேஸ் கிட்டார் ஆம்பின் சர்க்யூட்டை அடியொற்றியது. இங்கிலாந்தில் கிடைத்த உதிரிகளும் ஸ்பீக்கர்களும் வேறு என்பதால் ஒலியும் வேறு வழியில் போனது. எந்த மாடலரை வாங்கினாலும் இந்த மூன்றின் நகலும் அதில் இருக்கும். வேறு பெயர் இட்டிருப்பார்கள், அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான ஆம்ப்கள் வரிசை கட்டி நிற்கும் பட்டியலைப் பார்த்துத் திகைக்காமல், இந்த மூன்றோடு தொடங்குங்கள்.

3. மாடலருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

லைன் 6 நிறுவனத்தின் பாட் 1998-இல் வந்தது. சிறுநீரக வடிவில் ஒரு சிவப்புப் பெட்டி. வீட்டில் ஹெட்போன் போட்டுப் பதிவு செய்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். 2006-இல் ஃப்ராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011-இல் ஜெர்மனியின் கெம்பர், 2015-இல் லைன் 6 ஹீலிக்ஸ், அதற்குப் பின் ஹெல்சின்கியிலிருந்து நியூரல் டிஎஸ்பி என்று வரிசை நீண்டது.

இவற்றில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆம்பின் சர்க்யூட்டையே கணக்காக எழுதிவிடுவது. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டியூப் எல்லாம் சமன்பாடுகளாக மாறும். குமிழைத் திருப்பினால் நிஜ ஆம்பில் நடப்பதைப் போல ஒலி மாறும். இன்னொன்று, நிஜ ஆம்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதைப் பார்த்து அதன் குணத்தைப் படித்துக்கொள்வது. கெம்பரும், இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருளும் இந்த வழி. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பொதுவாக அப்படி எடுத்த நகல், அந்த ஆம்பின் குமிழ்கள் அன்று இருந்த நிலைக்கு மட்டுமே உண்மையாக இருக்கும். கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) வெகுதூரம் மாற்றினால் அது ஆம்பின் பதில் ஆகாது, கருவியின் ஊகம்தான். வேண்டிய ஒலிக்கு அருகில் எடுத்த நகலைத் தேடிப் பிடியுங்கள்.

மாடலரைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். கெயினை முழுக்க ஏற்றி, முதல் தந்தியில் பதினேழாம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு சுரத்தை மெதுவாக வளைத்து ஏற்றுங்கள். சுரம் மேலே போகும்போது, பின்னணியில் மெல்லிய கீச்சொலி ஏதாவது எதிர்த்திசையில் கீழே இறங்குகிறதா என்று கேளுங்கள். டிஸ்டார்ஷனில் பிறக்கும் மிக உயர்ந்த மேற்சுரங்கள் டிஜிட்டல் மாதிரியெடுப்பின் எல்லையைத் தாண்டிவிட்டால், இப்படி மடங்கி வந்து விழும். நல்ல மாடலர்கள் உள்ளே பல மடங்கு வேகத்தில் கணக்கிட்டு இதை அடக்குகின்றன. டியூப் ஆம்பில் இந்தக் கோளாறே கிடையாது.

4. ஒப்பிடும் முன் சத்தத்தைச் சமமாக்குங்கள்

பன்னிரண்டில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது இது: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்களும் மிக உயர்ந்த சுரங்களும் சரியாக எட்டுவதில்லை. சத்தம் ஏற ஏற அவை நிரம்பி வரும். அதனால் இரண்டு ஆம்ப்களில் எது சற்றுச் சத்தமாக இருக்கிறதோ அதுதான் ‘உருண்டையாக’, ‘உயிரோடு’ கேட்கும். கடையில் டியூப் ஆம்ப் ஜெயிப்பது பல நேரம் இப்படித்தான்.

கைபேசியில் டெசிபல் காட்டும் செயலி ஒன்று போதும். இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் கைபேசியைப் பிடித்து, ஒரே கார்டை ஒரே விசையில் அடித்து, அளவைச் சமமாக்குங்கள். பிறகு நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, திரும்பி நின்று கேளுங்கள். பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்கும் காதை நம்ப வேண்டாம்.

5. எந்தச் சத்தத்தில் வாசிக்கப் போகிறீர்களோ அந்தச் சத்தத்தில் ஒலியை அமையுங்கள்

இரவு பத்து மணி. வீட்டில் எல்லாரும் படுத்தாகிவிட்டது. மாடலரை மெதுவாக வைத்து ஒரு பிரீசெட் (சேமித்துவைக்கும் ஒலி அமைப்பு) செய்கிறீர்கள். பேஸ் ஏழு, ட்ரெபிள் எட்டு, மிடில் மூன்று, கெயின் தாராளம். காதுக்கு நிறைவாக இருக்கிறது. மறுநாள் மேடையில் அதே பிரீசெட்: கீழ்ச்சுரங்கள் பேஸ் கிட்டாரோடும் கிக் டிரம்மோடும் மோதிக் குழம்புகின்றன. ட்ரெபிள் காதைக் கிழிக்கிறது. மிடில் இல்லாததால் சோலோ வாசிக்கும்போது விரல் ஓடுவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. “டிஜிட்டல் மேடைக்கு ஆகாது” என்று இங்கேதான் முடிவு கட்டுகிறார்கள். நாலாவது அறிவுரையில் சொன்ன அதே காது விளையாட்டுதான் இதற்கும் காரணம்.

ஒத்திகை அறையில், டிரம்மும் பேஸும் உடன் ஒலிக்கும்போது பிரீசெட்டைச் சரிசெய்யுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அந்த இடம் பேஸ் கிட்டாருக்குச் சொந்தம். கெயினை நீங்கள் நினைப்பதில் பாதிக்கு இறக்குங்கள். மிடிலை ஏற்றுங்கள். தனியாகக் கேட்க அழகில்லாத ஒலி, குழுவோடு சேரும்போது கச்சிதமாகப் பொருந்துவதை அப்போது பார்ப்பீர்கள்.

6. ஸ்பீக்கருக்கு முதல் கவனம் கொடுங்கள், ஆம்ப் பெயருக்குப் பிறகு கொடுக்கலாம்

பன்னிரண்டு அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும். டிஸ்டார்ஷனின் முரட்டு முனைகளை மழித்து, கேட்கத் தகுந்ததாக்குவது அந்த மங்கல்தான். ஸ்பீக்கரோ அதன் நகலோ இல்லாமல் டிஸ்டார்ஷனை நேரே மிக்ஸரில் செருகிப் பாருங்கள்; எவ்வளவு விலையுயர்ந்த ஆம்பாக இருந்தாலும் காது கூசும்.

மாடலரில் ஸ்பீக்கர், மைக், மைக் நின்ற இடம் மூன்றையும் சேர்த்து நகலெடுத்த கோப்பு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐஆர். இது செய்யும் மாற்றம் எவ்வளவு பெரியது என்று அறிய, நிஜ கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) முன்னால் ஒரு ஷூர் எஸ்எம்57 மைக்கை வைத்து ஹெட்போனில் கேளுங்கள். ஸ்பீக்கரின் நடுமூடிக்கு நேரே வைத்தால் கூர்மை. அங்கிருந்து இரண்டு விரற்கடை ஓரமாக நகர்த்துங்கள். கூர்மை அடங்கி உடம்பு ஏறும். இன்னும் இரண்டு விரற்கடை. வேறு ஆம்பே வந்துவிட்டதா என்று தோன்றும். ஒரு குமிழையும் தொடவில்லை. மாடலர் பிடிக்கவில்லையென்றால் ஆம்பை மாற்றும் முன் ஐஆரை மாற்றுங்கள்.

மாடலரை ஒரு கிட்டார் ஆம்போடு இணைத்து அதன் ஸ்பீக்கரில் கேட்பதானால், மாடலரிலுள்ள கேபினெட் நகலை நிறுத்திவிடுங்கள். ஸ்பீக்கருக்குள் ஸ்பீக்கர் புகுந்தால் ஒலி போர்வைக்குள் போய்விடும்.

7. வால்யூம் குமிழோடு பேசிப் பாருங்கள்

நல்ல டியூப் ஆம்பை உடையத் தொடங்கும் இடத்தில் வையுங்கள். கிட்டாரின் வால்யூமைப் பத்தில் வைத்து ஒரு கார்டை அடியுங்கள், முரசு கொட்டும். அதே கார்டு, வால்யூம் ஐந்தில்: ஒலி சுத்தமாகிறது, ஆனால் மேடையிலிருந்து காணாமல் போவதில்லை. பிக்கை விட்டுவிட்டு விரலால் வருடுங்கள், இன்னும் தெளிகிறது. ஒரே அமைப்பில் மூன்று ஒலிகள், எல்லாம் உங்கள் கையில்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. டியூப் ரெக்டிஃபையர் உள்ள ஆம்பில் பலமாக ஒரு கார்டை அடித்தால், உள்ளே வோல்டேஜ் ஒரு கணம் தாழ்ந்து மீள்கிறது. ஒலி முதலில் சற்று அமுங்கி, பிறகு மலரும். விரலுக்குக் கீழே ஒரு நெகிழ்வு தெரியும். ‘சாக்’ என்று இதைச் சொல்வார்கள்; பல மாடலர்களில் இதற்குத் தனிக் குமிழே இருக்கிறது. மாடலர் வாங்கும்போது இந்த இரண்டையும் சோதியுங்கள். வால்யூமைக் குறைத்ததும் ஒலி நிறம் மாறாமல் சத்தம் மட்டும் குறைந்தால், அல்லது ஒரேயடியாக உயிரற்றுப் போனால், அதை விட்டுவிடுங்கள்.

8. தாமதத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம், அளந்து பாருங்கள்

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் ஆம்பின் சத்தம் உங்கள் காதுக்கு வரவே ஒன்பது மில்லிநொடி ஆகிறது. அதை யாரும் குறை சொல்வதில்லை. தனி மாடலர் பெட்டிகளின் தாமதம் பொதுவாக இதைவிடக் குறைவு. கணினியில் வாசிப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்: 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் 128 என்றால் ஒரு வழிக்கு மட்டும் 2.7 மில்லிநொடி, பஃபரை 1,024-க்கு ஏற்றினால் அதுவே 21 மில்லிநொடி. பிறகு விரலும் காதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

9. வாட் கணக்கில் ஏமாறாதீர்கள்

50 வாட்டை 100 வாட் ஆக்கினால் கூடுவது மூன்று டெசிபல் மட்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற, ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 22 வாட் டியூப் ஆம்ப், அடுக்குமாடி வீட்டில் அதன் இனிய ஒலியை எட்டும் முன்பே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். வீட்டுக்கு ஐந்து வாட்டே தாராளம்.

10. டியூப் வாங்கினால் அதன் முறைகளை மதியுங்கள்

இவை உயிர் சம்பந்தப்பட்டவை, கவனமாகப் படியுங்கள். டியூப் ஆம்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேலும் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அந்த மின்சாரம் தேங்கி நிற்கும். பழகிய டெக்னீஷியனைத் தவிர யாரும் உள்ளே கைவைக்கக் கூடாது. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பை ஓட்டக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துபோகும். ஆம்பின் பின்புறம் போட்டிருக்கும் 4, 8, 16 ஓம் எண்ணும் கேபினெட்டின் எண்ணும் பொருந்த வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அன்றோடு முடிந்தது; தகுந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். பவர் டியூப்கள் தேயும். மாற்றும்போது பெரும்பாலான ஆம்ப்களில் பயஸ் (டியூபில் சும்மா ஓடும் மின்னோட்டத்தின் அளவு) சரிபார்க்க வேண்டும். இன்று புதிய டியூப்கள் முக்கியமாக ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன. 2022-இல் ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டபோது உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. ஒரு ஜோடியை முன்கூட்டியே வாங்கிவையுங்கள். இவ்வளவையும் செய்தால் பலன் உண்டு: அறுபது வயதான ஆம்பைக்கூடப் பிரித்து, பழுது நீக்கி, இன்றும் வாசிக்க முடிகிறது.

11. மாடலர் வாங்கினால் அதை அடக்கி ஆளுங்கள்

மாடலரின் பெரிய ஆபத்து அதன் வளம். ஆயிரம் பிரீசெட்களைத் தட்டிப் பார்ப்பதிலேயே மாலை கழிந்துவிடும்; விரல் பழகியிருக்காது. ஒரு தெளிவான ஒலி, ஒரு உடைந்த ஒலி, ஒரு சோலோ ஒலி. மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றின் பக்கம் போகாதீர்கள். அந்த மூன்றின் சத்த அளவையும் ஒன்றோடொன்று பொருத்திவையுங்கள். கச்சேரிக்கு முந்தைய நாள் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க வேண்டாம். பிரீசெட்களின் நகல் கணினியில் இருக்கட்டும். பவர் அடாப்டர் ஒன்று உபரியாகப் பையில் இருக்கட்டும்.

ஆம்ப் வடிவிலேயே மாடலர் வேண்டுமென்றாலும் இப்போது வழி இருக்கிறது. ஃபெண்டர் 2019-இல் தன் டீலக்ஸ் ரிவர்பை டோன் மாஸ்டர் என்ற பெயரில் டிஜிட்டலாகவும் கொண்டுவந்தது. டியூப் வைத்தது சுமார் 19 கிலோ. இது சுமார் 10 கிலோ. சத்தத்தை 22 வாட்டிலிருந்து 0.2 வாட் வரை இறக்கலாம். டியூப்களுக்குப் பேர் வாங்கிய நிறுவனமே இதைச் செய்திருப்பது, சண்டை போடுபவர்கள் யோசிக்க வேண்டிய சேதி.

12. வாசிக்கும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

அடுக்குமாடி வீட்டில் ஹெட்போனோடு பழகுபவர்களுக்கு மாடலர். இதில் விவாதமே வேண்டாம். திருமண மேடைகளிலும் இன்னிசைக் கச்சேரிகளிலும் கிட்டார் பெரும்பாலும் நேரே மிக்ஸருக்குத்தான் போகிறது; அங்கும் மாடலர், நல்ல ஐஆரோடு. ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு நிறம் கேட்கும் சினிமாப் பாட்டுக் குழுவுக்கும் அதுவே. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு அறையில் ராக்கோ ப்ளூஸோ வாசிக்கிறீர்கள், ஒரே ஒலியில் கையால் எல்லாம் பேச வேண்டும் என்றால், ஒரு சின்ன டியூப் ஆம்பைப் போல ஆசிரியர் கிடையாது. உங்கள் விரல் செய்யும் ஒவ்வொன்றையும் அது ஒளிவுமறைவில்லாமல் திருப்பிச் சொல்லும்.

பணம் ஒன்றுக்குத்தான் என்றால் முதலில் மாடலர், அதுவும் செகண்ட் ஹேண்டாக. பிறகு வாய்ப்பு கிடைக்கும் இடத்திலெல்லாம், நண்பர் வீட்டிலோ ஒத்திகைக் கூடத்திலோ, நிஜ டியூப் ஆம்பில் அரை மணி வாசியுங்கள். அங்கே விரலுக்குத் தெரிந்ததை வீட்டுக்கு வந்து மாடலரில் தேடுங்கள். நிஜத்தைத் தொட்டுப் பார்த்தவருக்கே நகலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரியும். பணம் சேர்ந்ததும், உங்களுக்கு வேண்டியது டியூப்பா டிஜிட்டலா என்று என்னிடமோ வேறு யாரிடமோ கேட்க வேண்டியிருக்காது. அதுவரை தினமும் ஒரே ஒலியில், கிட்டார் வால்யூம் குமிழில் கைவைத்தபடி, ஒரு மணி நேரம் வாசியுங்கள்.